அக்கில்லே காஸ்திலியோனி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மூலையில் பளிங்குக் கல். அதிலிருந்து எழும்பி, அறையின் நடுவில் இருக்கும் மேசைக்கு மேலே வளைந்து வந்து வெளிச்சம் தரும் விளக்கு. பெயர் தெரியாவிட்டாலும் ஆர்கோ விளக்கைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. அதை அண்ணன் பியர் ஜாக்கொமோவுடன் சேர்ந்து உருவாக்கிய இத்தாலியக் கட்டடக் கலைஞரும் வடிவமைப்பாளருமான அக்கில்லே காஸ்திலியோனியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

யார் இந்தக் காஸ்திலியோனி?

1918 பிப்ரவரி 16 அன்று மிலான் நகரில் பிறந்தார். 2002 டிசம்பர் 2 அன்று அதே நகரில் காலமானார். 1944-இல் மிலான் பாலிடெக்னிக்கில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். தந்தை ஜன்னினோ காஸ்திலியோனி பெயர் பெற்ற சிற்பி. மிலான் பேராலயத்தின் வெண்கலக் கதவுகளில் ஒன்று அவர் கைவேலை. முதல் உலகப் போரில் இறந்த படைவீரர்களுக்காக ரெடிபூலியாவில் எழுப்பிய பெரிய நினைவிடத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. பட்டறையில் களிமண்ணும் சாந்தும் குழைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பழக்கம் அக்கில்லேயிடம் கடைசிவரை இருந்தது.

காஸ்திலியோனி என்று மூன்று பெயர்கள் வருகின்றனவே, எது யாருடையது?

மூவரும் உடன்பிறந்தவர்கள், மூவரும் கட்டடக் கலைஞர்கள். மூத்தவர் லிவியோ (1911–1979), அடுத்தவர் பியர் ஜாக்கொமோ (1913–1968), இளையவர் அக்கில்லே. லிவியோவும் பியர் ஜாக்கொமோவும் லூயிஜி காச்சா தொமினியோனியுடன் சேர்ந்து வடிவமைத்த ஃபோனோலா வானொலி 1940-இல் மிலான் திரியென்னாலே கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதற்கு முன் வானொலி என்றால் அலமாரி மாதிரி ஒரு மரப்பெட்டி. இவர்கள் அதை பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு கருவியாகவே காட்டினார்கள். மேசையில் இருக்கும் தொலைபேசியைப் போல.

1952-இல் லிவியோ தனியாகப் பிரிந்து, ஒலி, ஒளி வேலைகளில் இறங்கினார். அதன்பின் 1968 வரை வந்த எல்லாமே பியர் ஜாக்கொமோ, அக்கில்லே இருவருக்கும் பொதுவானவை. ஆர்கோ, தோயோ, தாச்சா விளக்குகள், மெசாத்ரோ முக்காலி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அண்ணன் 55 வயதில் போய்விட்டார். தம்பி அதற்குப் பிறகு 34 ஆண்டுகள் வாழ்ந்து, பாடம் நடத்தி, பேட்டிகள் தந்தார். அதனால் பல இடங்களில் தம்பி பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இது பெரிய பிழை. ஆர்கோவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் இரண்டு பெயரையும் எழுதுங்கள். எந்தக் கோடு யார் போட்டது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி அவர்கள் வேலை செய்தார்கள்.

கட்டடக் கலைஞர் என்கிறீர்கள், கட்டடங்கள் எங்கே?

இருக்கின்றன, ஆனால் குறைவு. போரில் இடிந்த மிலான் பெர்மனேந்தே கலைக்கூடத்தை 1950-களின் தொடக்கத்தில் மீட்டுக் கட்டினார்கள். மிலானிலேயே சான் கப்ரியேலே என்ற தேவாலயமும் இவர்களுடையது. ஆனால் இவர்கள் கட்டடக் கலையை நன்றாகக் காட்டிய இடம் கண்காட்சி அரங்குகள்தான். இத்தாலிய வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான ராய்க்கும், மொந்தேகாத்தினி வேதிப்பொருள் நிறுவனத்துக்கும் மிலான் சந்தையில் ஆண்டுக்கு ஆண்டு அரங்கு அமைத்தார்கள். சில வாரம் நின்று பிரித்துப்போடும் கட்டடங்கள் அவை. விரைவாகக் கட்டவேண்டும், விரைவாகப் பிரிக்கவேண்டும், உள்ளே வருகிறவர் எங்கே பார்ப்பார் என்பதை வெளிச்சத்தால் நடத்தவேண்டும். விளக்குகளில் இவர்கள் கைதேர்ந்தது இந்த வேலையால்தான் என்பது எங்கள் கணிப்பு.

1960-ஐ ஒட்டி மிலானில் அமைத்த ஸ்ப்ளூகன் ப்ரோய் பீர் உணவகமும் முக்கியமானது. அதற்காகச் செய்த தொங்குவிளக்கின் அலுமினியக் கூடு மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பு இருந்தால் உலோகத்தின் பரப்பு கூடும், பரப்பு கூடினால் சூடு வெளியேறும். அந்த விளக்கு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

அவருடைய வேலைமுறை என்ன?

புதிய வடிவம் தேடி அவர் உட்காரவில்லை. கையில் இருக்கும் பொருளை எடுத்து, இதில் எந்தப் பாகம் வேலை செய்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார். சும்மா இருப்பதை எடுத்துவிட்டார். ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரு மூலக்காரணம் இருக்கவேண்டும் என்பார். அந்தக் காரணத்தோடு ஒட்டாத பாகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நிற்காது. ஆகவே அவர் பொருள் ஒன்றைப் புரிந்துகொள்ள நல்ல வழி, அதன் ஒவ்வொரு பாகத்தையும் காட்டி இது எதற்கு என்று கேட்பது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

டிராக்டர் இருக்கையை முக்காலியாக்கியது அவர்தானா?

ஆமாம், இரு சகோதரர்களும். 1957-இல் கோமோ ஏரிக்கரை வில்லா ஓல்மோ மாளிகையில் நடந்த கண்காட்சியில் மெசாத்ரோ வைக்கப்பட்டது. நிலத்தைக் குத்தகைக்கு உழுது விளைச்சலில் பங்கு தருபவருக்கு, அதாவது வாரக்குடிக்கு, இத்தாலிய மொழியில் அந்தப் பெயர்.

பாகங்கள் நான்கே. அச்சில் அழுத்திய எஃகு டிராக்டர் இருக்கை. அதைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை. பட்டை ஆடாமல் தரையில் கிடந்து பிடிக்கும் பீச் மரக் குறுக்குக்கட்டை. இருக்கையையும் பட்டையையும் இணைக்கும், கையால் முறுக்கக்கூடிய காது வைத்த நட்டு. இருக்கையில் இருக்கும் துளைகள் வயலில் மழைநீர் வடியவும் காற்றுப் போகவும் வந்தவை. வீட்டிலும் அப்படியே விட்டுவிட்டார்கள். உழும் நிலத்தின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் எஃகுப் பட்டை, வீட்டில் உட்காரும்போது மெல்ல அமுங்கிக் கொடுக்கிறது. மெத்தை தேவைப்படவில்லை.

அன்றைக்கு இதை யாரும் தயாரிக்க முன்வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில்தான் ஜனோட்டா நிறுவனம் உற்பத்திக்கு எடுத்தது. வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இருக்கை பக்கவாட்டில் திரும்ப ஆரம்பித்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. கையால் முறுக்கினாலே போதும். இடுக்கி வைத்து முறுக்கினால் இருக்கையின் வண்ணப்பூச்சு பெயரும்.

அதே கண்காட்சியில் செல்லாவும் இருந்தது. சைக்கிள் சீட், ஒரு எஃகுக் கம்பம், அடியில் கவிழ்த்த கிண்ணம்போல் உருண்ட வார்ப்பிரும்பு. தொலைபேசி சுவரில் மாட்டியிருந்த காலம் அது. பேசும்போது முழுசாக உட்காரவும் தோன்றாது, நின்றுகொண்டே இருக்கவும் முடியாது. அந்த அரைகுறை நிலைக்குத்தான் செல்லா. அடி உருண்டிருப்பதால் நீங்கள் அசையும் பக்கமெல்லாம் அதுவும் சாயும், காலை ஊன்றிக்கொள்ளவேண்டும். குழந்தைகளையோ முதியவர்களையோ அதில் உட்காரவைக்காதீர்கள்.

ஆர்கோ விளக்கு எதற்காக வந்தது?

சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் வேண்டும். அதற்குக் கூரையில் ஓட்டை போட்டு விளக்கைத் தொங்கவிட்டால், மேசை காலத்துக்கும் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். வாடகை வீடென்றால் ஓட்டை போடவும் முடியாது. தெருவிளக்கு எப்படிச் சாலையோரம் நின்று நடுச்சாலைக்கு வெளிச்சம் தருகிறதோ, அதையே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆண்டு 1962. அதைத் தயாரித்த ஃப்ளோஸ் நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

வளைவின் நீட்சி ஏறக்குறைய 2 மீட்டர், உச்சி உயரம் 2.4 மீட்டருக்குக் கிட்ட. இந்த அளவுக்கும் காரணம் உண்டு: கல்லுக்கும் மேசைக்கும் நடுவே, உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால், தட்டேந்தி ஒருவர் தாராளமாக நடந்துபோக முடியவேண்டும்.

வளைவு ஒரே துண்டு அல்ல. எவர்சில்வரில் செய்த, குறுக்கே வெட்டினால் தொட்டி வடிவில் தெரியும் மூன்று துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. நீட்டினால் மேசை நடுவரை எட்டும், குறுக்கினால் அருகில் நிற்கும். மின்கம்பி அந்தத் தொட்டிக்குள்ளேயே ஓடுகிறது.

விளக்கின் தலை இரண்டு பாகம். மேலே துளையிட்ட தொப்பி. கீழே அதன்மேல் சும்மா அமர்ந்திருக்கும் அலுமினிய வளையம். வளையத்தைக் கையால் சாய்த்து வெளிச்சத்தைத் திருப்பலாம். தொப்பியின் துளைகள் பல்பின் சூட்டை வெளியேற்றுகின்றன, கூரைக்கும் கொஞ்சம் வெளிச்சம் அனுப்புகின்றன.

அடிக்கல்லில் ஏன் ஒரு ஓட்டை?

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். துடைப்பக் கட்டை நுழைக்க.

கல்லின் எடை ஏறக்குறைய 65 கிலோ. வழுவழுப்பான பளிங்கைக் கையால் பிடித்துத் தூக்க முடியாது, வழுக்கும். ஓட்டைக்குள் ஒரு துடைப்பக் கட்டையை நுழைத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். எல்லா வீட்டிலும் இருக்கும் கருவி, தனியாக எதுவும் வாங்கவேண்டாம். அதே மாதிரி, கல்லின் விளிம்புகளைச் சாய்த்துச் செதுக்கியிருப்பார்கள். அதுவும் அலங்காரமில்லை; கூர்முனையில் முழங்காலோ முழங்கையோ இடித்தால் காயம், முனையும் உடையும்.

கான்கிரீட் வைத்திருக்கலாமே, பளிங்கு எதற்கு? ஆடம்பரத்துக்கா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பளிங்கின் அடர்த்தி ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ. 65 கிலோவுக்கு 24 லிட்டர் கொள்ளளவு போதும். கான்கிரீட் 2.4 கிலோ என்று வைத்தால் 27 லிட்டர் வேண்டும். கல் அந்த அளவுக்குப் பருக்கும், மேற்பூச்சும் வேண்டும், மூலைகள் பொரியும். கர்ராராவில் வெட்டியெடுத்த பளிங்கு அப்படியே இழைத்தால் வேலை முடிந்தது. எடை கொடுக்கும் பொருளே முடிவான மேற்பரப்பாகவும் இருக்கிறது. பளிங்கைப் பார்த்ததும் பணக்கார வீடு நினைவுக்கு வருவது நம் பழக்கம். அவர்கள் அதை எடைக்கல்லாகத்தான் பார்த்தார்கள்.

ஆர்கோவைப் பொருத்தும்போதும் பராமரிக்கும்போதும் என்ன தவறு நடக்கும்?

முதலில் கல்லை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். தண்டையும் வளைவையும் பிறகு ஏற்றுங்கள். முழுதாக மாட்டிய விளக்கை நகர்த்துவதுதான் பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். வளைவைப் பிடித்து இழுத்தால் இரண்டு மீட்டர் நீளக் கடப்பாரையால் நெம்புவது போலத்தான். விசை முழுவதும் தண்டின் அடித் திருகில் போய் விழும். திருகு தளர்ந்தால் வளைவு ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். இடம் மாற்றவேண்டுமென்றால் வளைவைக் கழற்றி, கட்டையை நுழைத்து, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

நுனியில் கனமான வேறு கூடு எதையும் மாட்டாதீர்கள். நுனி அவ்வளவு தூரம் வெளியே இருப்பதால் அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் பன்மடங்காகக் கல்லைச் சாய்க்கப் பார்க்கும். குழந்தைகள் தொங்க வாய்ப்புள்ள அறையில் இந்த விளக்கு வேண்டாம்.

பளிங்கு சுண்ணாம்புச் சத்துள்ள கல். எலுமிச்சை, புளி, வினிகர், ஒயின் எது சிந்தினாலும் அந்த இடம் மங்கிவிடும். அது கறை அல்ல, அரிப்பு. துடைத்தால் போகாது, மறுபடி மெருகேற்றினால்தான் போகும். ஈரத்துணியும் கொஞ்சம் மென்சோப்பும் போதும். குளியலறைத் தரை தேய்க்கும் அமிலத் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது.

பழைய ஆர்கோவில் பல்பு திருகு வகை, இ27 ஹோல்டர். நம் வீடுகளில் வழக்கமான பின் வைத்த பல்பு அதில் ஏறாது.

தோயோ விளக்கில் கார் ஹெட்லைட் இருக்கிறதே?

அதுவும் 1962. அமெரிக்காவில் கிடைத்த 300 வாட் ஹெட்லைட் வகைப் பல்பைக் கூரையை நோக்கித் திருப்பி வைத்தார்கள். வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்க இறங்கும். அந்தப் பல்புக்கு மின்னழுத்தம் குறைவாக வேண்டும், ஆகவே டிரான்ஸ்பார்மர் தேவைப்பட்டது. டிரான்ஸ்பார்மர் கனமானது, அதை மறைக்காமல் அடியில் திறந்தபடியே வைத்தார்கள். அதுவே விளக்கு கவிழாமல் பிடிக்கும் எடையாகிவிட்டது. ஆர்கோவில் கல் செய்யும் வேலையை இங்கே மின்பாகமே செய்கிறது.

மின்கம்பியைத் தண்டுக்கு வெளியே விட்டு, தூண்டில் கோலில் நரம்பு ஓடும் வளையங்களை மாட்டி அதற்குள் செலுத்தினார்கள். பழைய தோயோவை வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது பல்பின் மின்னழுத்தமும் டிரான்ஸ்பார்மரும் பொருந்துகின்றனவா என்பதை. இடையில் யாராவது டிரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுத்திருந்தால், பல்பு பிரச்சினை மட்டும் இல்லை. அடியின் எடை குறைந்து விளக்கே தள்ளாடும்.

தாச்சாவின் கண்ணாடிக் கிண்ணம் முதலில் பிளாஸ்டிக்காக இருந்ததா?

இருந்தது. சூட்டில் உருக்குலைந்தது. பல்பு கீழே தூணுக்குள் இருக்கிறது. வெளிச்சம் மேலே போய், கிண்ணத்தின் மேல் வைத்த வெள்ளை வட்டத்தில் பட்டுத் திரும்பி இறங்குகிறது. ஆகவே எழும்பும் சூடு முழுவதையும் கிண்ணம் வாங்கவேண்டியிருந்தது. கண்ணாடிக்கு மாற்றிய பிறகுதான் 1962-இல் விற்பனைக்கு வந்தது. தூணின் வெளிப்பக்கத்தில் பழைய கோயில் தூண் மாதிரி செங்குத்து வரிகள் இருக்கும். கிரேக்கத் தூணை நினைத்துச் செய்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த வரிகள் சூட்டைச் சிதறடிக்கின்றன என்பதை விட்டுவிடுகிறார்கள். கிண்ணம் தூணின்மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. வேண்டிய பக்கம் சாய்க்கலாம், ஆனால் இரண்டு கையால் பிடித்து.

சிலந்தி வலை போர்த்தியது போன்ற விளக்குகள் எப்படிச் செய்யப்படுகின்றன?

தராக்ஸாகும், விஸ்கோந்தேயா, கத்தோ ஆகிய மூன்றும் 1960-ஐ ஒட்டியவை. அமெரிக்கப் படையினர் தளவாடங்களை ஈரம் தாக்காமல் பொதிய ஒரு பிளாஸ்டிக் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். துப்பாக்கியால் பீய்ச்சினால் காற்றிலேயே நூல் நூலாகும். அதை மெரானோ நகருக்கு இறக்குமதி செய்தவர் ஆர்துரோ ஐசன்கைல். இதை வைத்து என்ன செய்யலாம் என்ற தேடலில்தான் ஃப்ளோஸ் பிறந்தது.

மெல்லிய எஃகுக் கம்பியால் எலும்புக்கூடு கட்டி, அதைச் சுழற்றிக்கொண்டே பீய்ச்சுவார்கள். முதலில் நூல்கள் கம்பியிலிருந்து கம்பிக்கு வலை பின்னும்; வலை நிரம்பிய பிறகு மேலே விழுவது தோலாகப் படியும். காயும்போது தோல் சுருங்கி, கம்பிகளுக்கிடையே உள்நோக்கி இழுபடும். விளக்கின் வளைவுகள் யாரும் வரைந்தவையல்ல, அந்தச் சுருக்கம் தந்தவை. பழைய கூடுகள் மஞ்சளாகும். விரலால் அழுத்தினால் கிழியும். கிழிந்ததைத் தைக்க வழியில்லை.

பாரென்தேசியில் விளக்கு எப்படி விழாமல் நிற்கிறது?

1971-இல் வந்த இந்த விளக்கின் மூல எண்ணம் பியோ மன்ஸூவுடையது. ஃபியட் 127 காரை வடிவமைத்த இளைஞர். அவரும் ஒரு சிற்பியின் மகன். 1969-இல் சாலை விபத்தில் முப்பது வயதிலேயே இறந்துபோனார். தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கம்பம், அதில் மேலும் கீழும் ஓடும் பெட்டிக்குள் விளக்கு என்று அவர் வரைந்து வைத்திருந்தார். பெட்டியை நிறுத்த ஒரு திருகு வேண்டியிருந்தது. அக்கில்லே கம்பத்தை எடுத்துவிட்டு எஃகுக் கம்பிவடம் கட்டினார். பெட்டிக்குப் பதில் அடைப்புக்குறி வடிவில் வளைந்த ஒரு குழாய். விளக்கின் பெயரே அடைப்புக்குறிதான்.

நேராக நிற்க விரும்பும் வடத்தை வளைந்த குழாய் வளைக்கிறது. வளைவுகளில் உராய்வு உண்டாகிறது. அந்த உராய்வு விளக்கின் எடையை விட அதிகம், அவ்வளவுதான் ரகசியம். கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். திருகும் இல்லை, பூட்டும் இல்லை.

பொருத்தும் முறை: கூரையில் கொக்கியைப் பதித்து வடத்தைத் தொங்கவிடுங்கள். கீழே எடை மாட்டுவதற்கு முன்பே குழாயை வடத்தில் கோத்துவிடுங்கள். மறந்தால் மொத்தமாகக் கழற்றவேண்டும். பிறகு ரப்பர் போர்த்திய எடையை மாட்டி, வடம் இழுபட்டு நிற்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். எடை தரையில் முழுவதுமாக உட்கார்ந்துவிட்டால் வடம் தளரும், தளர்ந்தால் விளக்கு வழுக்கும். பொய்க்கூரைப் பலகையில் கொக்கி மாட்டவே கூடாது, அதற்கு மேலுள்ள கான்கிரீட் வரை போகவேண்டும். வடத்தைச் சுருட்டி வைக்கும்போது முறுக்கு மடிப்பு விழாமல் பெரிய வட்டமாகச் சுருட்டுங்கள். மடிப்பு விழுந்த இடத்தில் குழாய் சிக்கிக்கொள்ளும்.

தூங்குபவரை எழுப்பாமல் படிக்க ஒரு விளக்கு செய்தாராமே?

ஜிபிஜானா, 1980. கண்ணாடியில் பட்டுச் சுவரில் துள்ளும் வெயில்பொட்டுக்கு மிலான் வட்டார வழக்கில் அந்தப் பெயர். நாம் சிறுவயதில் கைக்கண்ணாடியால் செய்த விளையாட்டேதான். பல்பு கூம்புக்குள் மேல்நோக்கி எரிகிறது. உச்சியில் உள்ள சிறு கண்ணாடி அந்த ஒளிக்கற்றையைத் திருப்பிப் புத்தகத்தின் மேல் மட்டும் போடுகிறது. பக்கத்துத் தலையணை இருட்டிலேயே இருக்கும்.

சமையலறைப் பொருள்களில் எது கவனிக்கத்தக்கது?

1962-இல் கிராஃப்ட் நிறுவனத்துக்காகச் செய்த ஸ்லீக் என்ற பிளாஸ்டிக் கரண்டி. மயோனெய்ஸ் ஜாடியின் மூலையில் ஒட்டியிருப்பதை வழித்தெடுக்க மட்டுமே அது பிறந்தது. ஜாடியின் சுவரையும் அடியையும் ஒட்டி ஓடும் வளைவு, விரல் பதிக்க ஒரு குழிவு. 1996-இல் அலெஸ்ஸி நிறுவனம் அதை மறுபடி கொண்டுவந்தது.

அலெஸ்ஸிக்கே 1980-களில் செய்த எண்ணெய், வினிகர் குப்பிகளும் உண்டு. மூடியின் பின்னால் ஒரு சிறு எதிரெடை. சாய்த்தால் மூடி தானாகத் திறக்கும், நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும். மற்றொரு கை தேவையில்லை. எண்ணெய்க் குப்பி பெரிது, வினிகர்க் குப்பி சிறிது, ஏனென்றால் சாலட்டில் அந்த விகிதத்தில்தான் ஊற்றுகிறோம். மூடி திறக்க மறுத்தால் கீலில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கிறது. வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைத்தால் சரியாகும். கம்பியால் குத்தினால் எதிரெடை வளைந்துபோகும்.

அவர் வாங்கிய விருதுகள்?

இத்தாலிய வடிவமைப்பின் உயர்ந்த விருதான கொம்பாசோ தோரோ, அதாவது தங்கக் கவராயம், ஒன்பது முறை. 1955-இல் லூமினாத்தோர் விளக்குக்கு முதலாவது. காபி எந்திரம், பீர் குழாய், மொழிபெயர்ப்புக் காதுக்கருவி, மருத்துவமனைக் கட்டில், பாரென்தேசி, உணவுக் கரண்டிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வாழ்நாள் பணிக்கானது 1989-இல் கிடைத்தது. 1997-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் வேலைகளுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

பிரியோன்வேகா ரேடியோகிராம் ஏன் அவ்வளவு விலை போனது?

1965-இல் பிரியோன்வேகா நிறுவனத்துக்காகச் செய்த, வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த அந்த ஆர்.ஆர்.126-இல் ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பக்கவாட்டில் மாட்டலாம், மேலே அடுக்கலாம், கழற்றித் தூரத்திலும் வைக்கலாம். அடியில் சக்கரம். நீங்கள் கேட்கும் விலை பாடகர் டேவிட் போவி வைத்திருந்த ஒன்றுக்கு. 2016-இல் லண்டன் ஏலத்தில் 2,57,000 பவுண்டு. அது போவியின் பெயருக்கான விலை, மற்றவற்றுக்கு அதை அளவாகக் கொள்ளவேண்டாம்.

ஆர்கோவின் நகல்கள் சட்டப்படி சரியா?

ஐரோப்பாவில் சரியில்லை. சீனாவிலிருந்து ஃப்ளுயிதா என்ற பெயரில் இறக்குமதியான ஒரு விளக்கை எதிர்த்து ஃப்ளோஸ் வழக்குப் போட்டது. 2011 ஜனவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பதிவு வடிவமைப்பாக முன்பு பொதுச்சொத்தாகிவிட்டது என்பதற்காகவே ஒரு வடிவமைப்புக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது. 2012-இல் மிலான் நீதிமன்றம் ஆர்கோவுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. பதிப்புரிமை ஆசிரியர்களில் கடைசியாக இறந்தவருக்குப் பிறகு 70 ஆண்டு. ஆகவே 2072 முடியும்வரை.

நகலை அடையாளம் காண கல்லைப் பாருங்கள். ஓட்டை ஊடுருவிப் போகாமல் அலங்காரக் குழியாக நிற்கும், விளிம்புகள் கூர்மையாக இருக்கும், எடை குறைந்திருக்கும். வடிவத்தைப் பார்த்து நகலெடுப்பவர்களுக்கு அந்த ஓட்டை எதற்கென்று தெரிவதில்லை. எடை குறைந்த கல் ஆபத்தும்கூட.

அவர் எங்கே கற்பித்தார்?

1970 முதல் துரின் பாலிடெக்னிக்கிலும், 1980 முதல் 1993 வரை மிலானிலும். வகுப்புக்குப் பை நிறையப் பொருள்களோடு வருவார்: கிராமத்துப் பால்கறக்கும் முக்காலி, கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி, பொம்மை. எதிலும் வடிவமைத்தவர் பெயர் இருக்காது. ஒவ்வொன்றையும் எடுத்து ஆட்டி, மடக்கி, போட்டுக்காட்டி, இதைச் செய்தவர் என்ன யோசித்தார் என்று மாணவர்களையே சொல்லவைப்பார். ஆர்வம் இல்லாதவர்கள் இந்த வேலையை விட்டுவிடலாம் என்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

அவருடைய அலுவலகத்தைப் பார்க்க முடியுமா?

மிலான் காஸ்தெல்லோ சதுக்கம் 27-ஆம் எண்ணில் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். அவர் மறைவுக்குப் பிறகு வரைபடங்கள், மாதிரிகள், அந்தப் பெயரற்ற பொருள்கள் எல்லாவற்றையும் குடும்பத்தாரும் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையும் காத்துவருகிறார்கள். பயணத் திட்டம் போடும் முன் அறக்கட்டளையின் தற்போதைய அறிவிப்பில் முகவரியையும் நேரத்தையும் பாருங்கள். முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

ஒரே ஒரு பொருளைப் பார்க்கவேண்டுமென்றால் எது?

1968-இல் வி.எல்.எம். நிறுவனத்துக்காகச் செய்த கம்பி சுவிட்ச். மேசைவிளக்கின் மின்கம்பி நடுவே வரும் சிறு பிளாஸ்டிக் சுவிட்ச்தான். விளிம்புகள் உருட்டப்பட்டிருப்பதால் இருட்டில் தரையைத் தடவி எடுக்கக் கைக்கு வரும். கட்டைவிரலால் தள்ளினால் ‘டக்’கென்று ஒலி கேட்கும், விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று விரலுக்கும் காதுக்கும் தெரியும். அதன்மேல் யார் பெயரும் இல்லை. கடையில் வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கினார்கள். தன் வேலைகளில் அவர் மிகவும் பெருமைப்பட்டது இந்தச் சுவிட்சைத்தான். இத்தாலியில் ஒரு பழைய விடுதியில் தங்க நேர்ந்தால், படுக்கைப் பக்கத்து விளக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். கையில் தட்டுப்படுவது அதுவாக இருக்கலாம்.